செம்பனைக்கு மேலே ஒரு நேர்க்கோடு: மரம் மறைக்கும் இணையத்தை மீட்கும் கணக்கு

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம். நாடு நடமாட்டக் கட்டுப்பாட்டில் இருந்த காலம். சபா மாநிலத்தின் பீத்தாஸ் வட்டாரத்தில் 18 வயது மாணவி ஒருவர், பல்கலைக்கழகத் தேர்வை இயங்கலையில் எழுதுவதற்காக மரத்தில் ஏறினார். வீட்டில் இணையத் தொடர்பு சரியாகக் கிடைக்கவில்லை. மரத்தின் மேல் கிடைத்தது. கொசுவலை கட்டிக்கொண்டு ஓர் இரவு முழுவதும் அங்கேயே தங்கினார். அவர் பதிவேற்றிய காணொளியை நாடே பார்த்தது.

பலரும் அதில் கிராமப்புற மாணவர்களின் சிரமத்தைப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் இயற்பியல் படிக்கும் மாணவருக்கு அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதே கைப்பேசி, அதே கோபுரம், அதே ஊர். சில மீட்டர் உயரம் மட்டும்தான் வேறு. அந்தச் சில மீட்டரில் என்ன மாறியது?

ஜொகூரில் வாழும் நமக்கும் இந்தக் கேள்வி பழக்கமானதுதான். குளுவாங், லாபிஸ், பெக்கோக், கோத்தா திங்கி எனத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் நம்மவர்களின் வீடுகள் பல இன்னும் செம்பனைக்கும் பால்மரத்துக்கும் நடுவில்தான் இருக்கின்றன. பெரிய சாலையில் நிற்கும்போது கைப்பேசியில் நான்கு கோடுகள் தெரியும். செம்மண் சாலையில் திரும்பி இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் ஒரு கோடு, பிறகு அதுவும் இல்லை. கண்ணாடி இழைக் கம்பி எல்லா வீட்டு வாசலுக்கும் வரும்வரை, கடைசிச் சில கிலோமீட்டரைக் கம்பியில்லாமல்தான் கடக்க வேண்டும். அதற்கு முதல் தடை மரம். அந்தத் தடையைக் கணக்கால் எப்படித் தாண்டுவது என்பதுதான் இன்றைய பாடம்.

தடை இல்லாவிட்டால் எவ்வளவு தூரம்?

வைஃபை என்றதும் வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் அலை என்றே நினைக்கிறோம். தென் அமெரிக்காவின் வெனிசுவேலாவில் எர்மானோ பியெத்ரோசெமோலி என்ற பொறியியல் பேராசிரியர், 2006இல் 279 கிலோமீட்டர் தூரத்துக்கும் 2007இல் 382 கிலோமீட்டர் தூரத்துக்கும் வைஃபை இணைப்பை ஏற்படுத்திக் காட்டினார். 382 கிலோமீட்டர் என்பது ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூரைத் தாண்டியும் போகும் தூரம். 279 கிலோமீட்டர் சோதனையில் அவர் பயன்படுத்தியது வீடுகளில் வைக்கும் சாதாரண ரவுட்டர். அதன் மென்பொருளை மாற்றி, பெரிய அண்டெனாவைப் பொருத்தினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டிஸ் மலைத்தொடரில் சுமார் 4,100 மீட்டர் உயரத்தில் உள்ள சிகரத்தில் ஒரு முனையை வைத்தார். இரு முனைகளுக்கும் நடுவே வெறும் காற்றுதான் இருந்தது.

இதே உத்தியை மக்களுக்குப் பயன்படும்படி செய்து காட்டிய இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள தேனி அரவிந்த் கண் மருத்துவமனைதான் அது. போடிநாயக்கனூர், சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி போன்ற ஊர்களில் அம்மருத்துவமனை சிறிய கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. அங்கே மருத்துவர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் இருப்பார். நோயாளியைத் தேனியில் உள்ள மருத்துவர் காணொளி வழியே பார்த்துப் பேசி, என்ன செய்யலாம் என்று சொல்வார். ஒருநாள் கூலியை இழந்து, பேருந்து ஏறிப் பட்டணத்துக்கு வர வேண்டிய தேவை பலருக்குக் குறைந்தது.

அந்தக் காணொளிக்கான இணைப்பை அமைத்தது, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புருவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு. 1 முதல் 15 கிலோமீட்டர் வரையிலான வைஃபை இணைப்புகளால் மையங்களை மருத்துவமனையுடன் இணைத்தார்கள். வேகம் நொடிக்கு 6 மெகாபிட் வரை கிடைத்தது. 2006 ஜூன் மாதம் பெர்க்லி இதைப் பற்றி அறிவித்தபோது ஐந்து மையங்கள் இயங்கிக்கொண்டிருந்தன.

அங்கே ஒரு நுட்பமான சிக்கலையும் அவர்கள் தீர்க்க வேண்டியிருந்தது. வைஃபை கருவி ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். அறைக்குள் அந்தப் பதில் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துளிகூட ஆகாமல் வந்துவிடும். 15 கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு 50 மைக்ரோநொடி ஆகிறது. பதில் திரும்பி வர இன்னொரு 50. அதற்குள் கருவி பொறுமையிழந்து, அனுப்பியதையே மீண்டும் அனுப்பத் தொடங்கும். அதனால் இரு முனைகளும் முறை வைத்துப் பேசும்படி ஆய்வாளர்கள் மென்பொருளை மாற்றி எழுதினார்கள். நீண்ட தூர இணைப்புக்கென விற்கப்படும் இன்றைய கருவிகளிலும் தூரத்தைக் குறிப்பிடும் வசதி இருப்பதற்கு இதுவே காரணம்.

வெனிசுவேலா, தேனி இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. இரு அண்டெனாக்களும் ஒன்றையொன்று தடையில்லாமல் "பார்க்க" வேண்டும். இதை நேர்ப்பார்வை என்கிறார்கள். அந்தப் பார்வையின் குறுக்கே மரம் வந்தால் என்ன ஆகும்?

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது

"எங்கள் வீட்டுக் கூரையில் ஏறினால் கோபுரம் தெரிகிறது, ஆனாலும் இணைப்பு மோசமாக இருக்கிறதே" என்று சிலர் கேட்பதுண்டு. அலை ஒரு கயிறுபோல மெலிதாகப் போவதில்லை. நான்காம் படிவ இயற்பியலில் "அலைகள்" பாடத்தில், அலை ஒரு தடையின் விளிம்பில் வளைந்து பரவுவதைப் படித்திருப்பீர்கள். அந்தப் பண்பினால், இரு அண்டெனாக்களுக்கு நடுவே அலை ஒரு நீள்வட்ட உருளை வடிவத்தை நிரப்பிக்கொண்டு செல்கிறது. இரு முனைகளில் மெலிந்தும் நடுவில் பருத்தும் இருக்கும் அதன் வடிவம், நீளமான வெள்ளரிக்காயைப் போன்றது. ஒளியின் அலைப்பண்பை ஆராய்ந்த பிரெஞ்சு அறிவியலாளர் ஃபிரெனலின் பெயரால் அதை ஃபிரெனல் மண்டலம் என்கிறோம். 1788இல் பிறந்து 1827இல் மறைந்த அவர் வானொலியையே பார்த்ததில்லை. கலங்கரை விளக்கங்களுக்கு அவர் வடிவமைத்த வில்லையும் அவருக்குப் புகழ் தந்தது.

இந்த வெள்ளரிக்காயின் பருமனைக் கணக்கிடுவது எளிது. தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, கிகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுங்கள். விடையின் வர்க்கமூலத்தை 17.3ஆல் பெருக்குங்கள். நடுப்புள்ளியில் அதன் ஆரம் மீட்டரில் கிடைத்துவிடும். 5 கிலோமீட்டர் தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்தினால் ஆரம் சுமார் 8 மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் 12.5 மீட்டர்.

இந்த ஆரத்தில் குறைந்தது 60 விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் விதி. ஆகவே 5 கிலோமீட்டர் இணைப்பில், நடுவில் உள்ள மரத்தின் உச்சிக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ 5 மீட்டர் இடைவெளி வேண்டும். மரத்தின் உச்சியை உரசிக்கொண்டு கோபுரம் தெரிந்தால், கண்ணுக்கு அது போதும்; அலைக்குப் போதாது.

இலை என்ன செய்கிறது?

சுவரைவிட இலை மெல்லியதுதான். ஆனால் இலைக்குள் நீர் இருக்கிறது. நீர் நுண்ணலையை உறிஞ்சும். சமையலறையில் உள்ள மைக்ரோவேவ் அடுப்பு உணவைச் சூடாக்குவதும் இந்தப் பண்பினால்தான். அத்துடன் இலைகளும் கிளைகளும் அலையைப் பல திசைகளில் சிதறடிக்கின்றன. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். செம்பனை மட்டையில் உள்ள ஒவ்வொரு கீற்றின் அகலமும் நாலைந்து சென்டிமீட்டர்தான். அலைநீளமும் தடையின் அளவும் நெருங்கி இருக்கும்போது சிதறல் அதிகம். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 33 சென்டிமீட்டர். அதற்கு ஒற்றைக் கீற்று அவ்வளவு பெரிய தடையாக இருப்பதில்லை.

இந்த இழப்பை மதிப்பிட அனைத்துலகத் தொலைத்தொடர்பு அமைப்பு முன்பு ஓர் எளிய வாய்ப்பாட்டைத் தந்திருந்தது. இழப்பு டெசிபல் என்ற அலகில் கிடைக்கும். 3 டெசிபல் இழந்தால் சக்தி பாதியாகும். 10 டெசிபல் இழந்தால் பத்தில் ஒரு பங்காகும். 20 டெசிபல் இழந்தால் நூற்றில் ஒரு பங்காகும். அந்த வாய்ப்பாட்டின்படி, 30 மீட்டர் ஆழமுள்ள இலைத்திரளைக் கடக்கும்போது 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 21 டெசிபல் இழக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 16, 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 12 டெசிபல். மரவகை, இலையடர்த்தி, ஈரம் ஆகியவற்றைப் பொறுத்து உண்மையான இழப்பு கூடவோ குறையவோ செய்யும். ஆனாலும் அளவு புரிந்துவிடுகிறது.

21 டெசிபல் என்றால் எவ்வளவு? வெறும் காற்றில் தூரம் பத்து மடங்கானால் 20 டெசிபல் இழப்பு ஏற்படும். அதாவது, 30 மீட்டர் மரக்கூட்டம் குறுக்கே நின்றால், 5 கிலோமீட்டர் இணைப்பை 50 கிலோமீட்டருக்கு இழுத்ததற்குச் சமம். மலையுச்சியிலிருந்து 382 கிலோமீட்டர் போன அலை, நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள நான்கைந்து வரிசைச் செம்பனையிடம் தோற்றுப்போவதன் காரணம் இதுதான்.

ஒரு கணக்கு

முழுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ஒரு தோட்டத்தின் அலுவலகத்துக்குக் கண்ணாடி இழை இணைப்பு வந்திருக்கிறது. அங்கிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குடியிருப்புக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் இணையத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

அனுப்பும் முனையில் அண்டெனாவின் ஆற்றலையும் சேர்த்து 1 வாட். 1 மில்லிவாட்டைச் சுழியமாகக் கொண்ட அளவில் இது +30. ஐந்து கிலோமீட்டர் வெறும் காற்றில் இழப்பு 122. பெறும் முனையில் உள்ள தட்டு அண்டெனா 25ஐத் திருப்பித் தருகிறது. 30 கழித்தல் 122 கூட்டல் 25, விடை -67. நல்ல வேகத்துக்கு ஏறத்தாழ -70 அல்லது அதைவிட வலுவான சமிக்ஞை வேண்டும். ஆக, இந்த இணைப்பு காணொளி வகுப்புக்குத் தாராளமாகப் போதும்.

இப்போது நடுவே 30 மீட்டர் ஆழத்துக்கு மரங்களை நிறுத்துங்கள். -67லிருந்து இன்னொரு 21ஐக் கழித்தால் -88. இணைப்பு முற்றாக அறுந்துவிடாது. கருவியின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் குறுஞ்செய்தி போகும், வகுப்பு நடக்காது. மழை பெய்து இலைகள் நனைந்தால் அதுவும் நின்றுவிடும். காற்றடித்தால் இலைகள் ஆடி, சமிக்ஞை நொடிக்கு நொடி ஏறி இறங்கும். "காலையில் நன்றாக இருந்தது, மத்தியானம் போய்விட்டது" என்று தோட்டப்புறங்களில் சொல்வதன் பின்னணியில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

சக்தியைக் கூட்டினால் என்ன என்று தோன்றலாம். இழந்த 21 டெசிபலை மீட்க நூறு மடங்குக்கும் மேல் சக்தி வேண்டும். பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அலைவரிசைகளில் எவ்வளவு சக்தியில் அனுப்பலாம் என்பதற்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உச்ச அளவு வைத்திருக்கிறது. அதை மீறினால் சட்டப்படி குற்றம். பக்கத்து இணைப்புகளுக்கும் இடைஞ்சல். பெறும் முனையில் தட்டின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் கிடைக்கும். நல்ல உதவிதான், ஆனால் 21க்கு ஈடாகாது.

தாண்ட நான்கு வழிகள்

முதல் வழி, உயர்வது. நடுவில் 12 மீட்டர் உயரத் தோப்பு இருந்தால், அதற்கு மேல் ஃபிரெனல் இடைவெளி 5 மீட்டர், பூமியின் வளைவுக்காக ஏறத்தாழ அரை மீட்டர் சேர்க்க வேண்டும். சமதளத்தில் இரு முனையிலும் 17.5 மீட்டர் கம்பம் தேவை. உயரமான கம்பம் என்றால் இடிதாங்கியும் நிலத்தொடர்பும் கட்டாயம். நம் நாட்டில் இடிமின்னல் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். தோட்ட நிர்வாகம், ஊராட்சி மன்றம் ஆகியோரின் அனுமதியும் வேண்டும். இந்த வேலையைப் பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும்.

எந்த முனையை உயர்த்துவது என்பதிலும் கணக்கு இருக்கிறது. ஒத்த முக்கோணங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மரம் சரியாக நடுவில் இருந்தால், ஒரு முனையை 2 மீட்டர் உயர்த்தினாலும் அந்த இடத்தில் கோடு 1 மீட்டர்தான் உயரும். மரம் உங்கள் வீட்டுக்கு அருகில் இருந்தால், உங்கள் கம்பத்தை 2 மீட்டர் உயர்த்தும்போது கோடும் ஏறக்குறைய 2 மீட்டர் உயரும். தடைக்கு அருகில் உள்ள முனையை உயர்த்துவதே சிக்கனம்.

இரண்டாவது வழி, நகர்வது. முனைகளுக்கு அருகே ஃபிரெனல் மண்டலம் மெலிந்திருக்கும். வீட்டு வாசலில் நிற்கும் ஒற்றை மாமரம்தான் தடை என்றால், கம்பத்தைக் கூரையின் மறுபக்கத்துக்கு ஐந்தாறு மீட்டர் மாற்றினாலே பிரச்சினை தீரக்கூடும். மரத்தை வெட்டச் சொல்வதற்கு முன் இதை முயன்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, சுற்றிப்போவது. நேராகப் போக முடியாவிட்டால், இரு முனைகளுக்கும் தெரியும் உயரமான இடம் ஒன்றில் இடைநிலையம் வைத்து, முக்கோணத்தின் இரு பக்கங்கள் வழியாகப் போகலாம். தூரம் இரட்டிப்பானாலும் காற்றில் இழப்பு 6 டெசிபல்தான். மரத்துக்குள் நுழைந்தால் 21. ஜொகூரில் குளுவாங் நகரையொட்டி 510 மீட்டர் உயர கூனோங் லம்பாக் நிற்கிறது. தங்காக்கில் 1,276 மீட்டர் உயர கூனோங் லேடாங், கூலாய்க்கு அருகே கூனோங் பூலாய். லேடாங்கிலும் பூலாயிலும் ஒலிபரப்புக் கோபுரங்கள் அமைந்ததற்கு இதே இயற்பியல்தான் காரணம். மலையே தேவையில்லை, தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக் கோபுரமோ பள்ளிக் கட்டடத்தின் கூரையோகூட இடைநிலையமாகலாம்.

நேப்பாளத்தின் மகாவீர் புன் இதைச் செய்து காட்டியவர். மலைக்கிராமமான நாங்கியில் ஆசிரியராக இருந்த அவர், தம் ஊருக்கு இணையம் கொண்டுவர மலையுச்சிகளில் இடைநிலையங்கள் அமைத்தார். கோபுரம் கட்டப் பணமில்லாத தொடக்க காலத்தில், தொலைக்காட்சித் தட்டுகளை மரங்களின் மேலேயே பொருத்தினார். அவருக்கு 2007இல் ரமோன் மக்சேசே விருது கிடைத்தது. தடையான மரத்தையே தூணாக மாற்றிக்கொண்ட கதை அது. ஆனால் மரம் ஆடும், அண்டெனா திசைமாறும். அதனால் நிரந்தரக் கம்பத்துக்கு அது மாற்றாகாது.

நான்காவது வழி, அதிர்வெண்ணைக் குறைப்பது. குறைந்த அதிர்வெண் இலைகளுக்குள் நன்றாக ஊடுருவும். ஆனால் இங்கே எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் 900 மெகாஹெர்ட்ஸ் கருவிகளை இயங்கலையில் வாங்கி இங்கே பொருத்தக்கூடாது. அந்த அலைவரிசையின் ஒரு பகுதி நம் நாட்டில் கைப்பேசி நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. சரியான வழி, அந்த நிறுவனங்களின் சேவையையே பயன்படுத்துவது. 900 மெகாஹெர்ட்ஸில் வரும் நான்காம் தலைமுறைச் சேவையும், 2019இல் பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டபின் ஐந்தாம் தலைமுறைச் சேவைக்குப் பயன்படும் 700 மெகாஹெர்ட்ஸும் மரங்களை ஓரளவு தாங்கும். கைப்பேசியை மரத்தின் மேல் கொண்டுபோவதற்குப் பதிலாக, வெளிப்புற அண்டெனாவைக் கூரைக்கு மேல் கோபுரத்தை நோக்கிப் பொருத்தி, ரவுட்டரை வீட்டுக்குள் வைத்தால் பல வீடுகளுக்கு அதுவே போதும்.

செயற்கைக்கோள் இணையமும் நம் நாட்டில் கிடைக்கிறது. அதற்கும் திறந்த வானம் வேண்டும். தட்டைச் சுற்றி உயர்ந்த செம்பனை நின்றால் அங்கும் இணைப்பு விட்டுவிட்டுத்தான் வரும்.

காடும் அலையும் பற்றிய ஆய்வு புதியதல்ல. 1960களில் தாய்லாந்துக் காடுகளில் அமெரிக்க இராணுவத்துக்காக விரிவான வானொலி அளவீடுகள் நடந்தன. காட்டுக்குள் சமிக்ஞை எதிர்பார்த்ததைவிட அதிகத் தூரம் போனது. 1967இல் தியோடோர் தாமிர் என்ற அறிவியலாளர் அதற்கு விளக்கம் தந்தார். அலை மரங்களை ஊடுருவிப் போகவில்லை; மேலே ஏறி, மரங்களின் உச்சிப்பரப்பை ஒட்டி ஊர்ந்து சென்று, மறுமுனையில் கீழே இறங்கியது. வைஃபையைவிட மிகக் குறைந்த அதிர்வெண்களுக்கே இது பொருந்தும். ஆனாலும் பாடம் ஒன்றுதான்: அலைக்கும் மரத்துக்கு மேலே உள்ள வழிதான் எளிது.

மரம் நிற்பதில்லை, வளர்கிறது

இதுவரை சொன்ன கணக்குகளை எந்தப் பாடநூலிலும் பார்க்கலாம். நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சுவரும் மலையும் போலல்லாமல், நம் தடை ஆண்டுதோறும் உயர்கிறது.

செம்பனையின் தண்டு ஆண்டுக்கு அரை மீட்டர் வரை உயரும். சுமார் 25 ஆண்டுகளில் அதை வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். மறுநடவு முடிந்த புதிதில் தோட்டம் வெட்டவெளியாக இருக்கும். 6 மீட்டர்க் கம்பத்திலேயே இணைப்பு அருமையாக வரும். நான்கைந்து ஆண்டுகளில் மட்டைகள் ஃபிரெனல் மண்டலத்துக்குள் நீளத் தொடங்கும். வேகம் ஒரே நாளில் விழாது. மாதம் மாதமாகக் குறையும். கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்குவார்கள். கருவி நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆகவே கம்பத்தின் உயரத்தைத் தீர்மானிக்கும்போது இன்றைய மரத்தின் உயரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த இணைப்பு எத்தனை ஆண்டு இயங்க வேண்டுமோ, அந்த ஆண்டின் மரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே போட்ட கணக்கில் 12 மீட்டர் மரம் 15 மீட்டராகும்போது, கம்பமும் 20.5 மீட்டராக வேண்டும்.

பால்மரம் வேறுவகையில் ஏமாற்றும். பிப்ரவரி, மார்ச் மாத வறட்சியில் அது இலையுதிர்க்கும். அந்த மாதங்களில் சோதித்துப் பார்த்துவிட்டு, "நன்றாக வருகிறது" என்று கருவியைப் பொருத்தினால், தளிர்விட்டு இலை அடர்ந்ததும் இணைப்பு தடுமாறும். சோதனையை இலை நிறைந்த காலத்தில், மழை பெய்யும் பிற்பகலிலும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

வரைபடங்களையும் முழுதாக நம்ப முடியாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல உயர வரைபடங்களுக்கு அடிப்படை, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ரேடார் மூலம் எடுத்த அளவீடுகள். அந்த ரேடார் அலை அடர்ந்த தோப்புகளில் தரைவரை முழுதாகப் போகவில்லை. மரங்களின் மேற்பகுதியிலேயே பெரும்பாலும் திரும்பிவிட்டது. ஆக, வரைபடத்தில் "தரை" என்று காட்டப்படுவதில் 2000ஆம் ஆண்டின் செம்பனையும் கலந்திருக்கலாம். அன்று நின்ற மரங்களில் பலவற்றை இந்நேரம் வெட்டி மறுநடவு செய்திருப்பார்கள். மலை எங்கே, பள்ளம் எங்கே என்று அறிய வரைபடம் உதவும். மரத்தை அறிய நேரில்தான் போக வேண்டும்.

நீங்கள் செய்து பார்க்கலாம்

இது பள்ளி அறிவியல் திட்டப்பணிக்கும் பொருத்தமான தலைப்பு. செலவு அதிகமில்லை. ஒரு கோணமானி, நூல், சிறு எடை, அளவு நாடா இருந்தால் போதும்.

மரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று, கோணமானியின் விளிம்பு வழியே உச்சியைப் பாருங்கள். ஏற்றக் கோணம் 32 பாகை என்றால், அதன் தான்ஜென்ட் 0.625. இருபதால் பெருக்கினால் 12.5. உங்கள் கண்ணின் உயரம் 1.5 மீட்டரைச் சேர்த்தால் மரம் 14 மீட்டர். உங்கள் வீட்டுக்கும் அருகிலுள்ள கோபுரத்துக்கும் இடையே வரைபடத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் எங்கே மரங்கள் இருக்கின்றன, எவ்வளவு உயரம், எந்த வகை என்று குறியுங்கள். ஃபிரெனல் ஆரத்தைக் கணக்கிட்டு, கோட்டின் பக்கவாட்டுத் தோற்றத்தைக் கட்டத்தாளில் வரையுங்கள்.

அடுத்து, கைப்பேசியில் சமிக்ஞை வலிமையை எண்ணாகக் காட்டும் செயலியை நிறுவிக்கொண்டு, ஒரே இடத்தில் காலை, பிற்பகல், மழைக்குப் பின் என இரண்டு வாரம் பதிவு செய்யுங்கள். பிறகு பெரியவர் ஒருவரின் துணையோடு மாடியிலோ பள்ளியின் மேல்தளத்திலோ நின்று அதே அளவீட்டைச் செய்யுங்கள். மரத்தில் ஏற வேண்டாம். ஒவ்வொரு மாடிக்கும் எத்தனை டெசிபல் கூடுகிறது என்பதை வரைபடமாக்கினால், அந்தச் சபா மாணவி மரத்தின் மேல் கண்டறிந்ததை நீங்கள் எண்களில் கண்டறிந்திருப்பீர்கள்.

அந்த எண்களுக்கு மதிப்பு உண்டு. "எங்கள் தோட்டத்தில் லைன் இல்லை" என்று புகார் செய்வதற்கும், "இந்த இடத்தில், இந்த நேரத்தில், இத்தனை டெசிபல், நடுவில் 300 மீட்டர் அகலத்துக்கு 14 மீட்டர் உயரச் செம்பனை" என்று எழுதிக் கொடுப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. இரண்டாவதைப் படிக்கும் பொறியாளருக்கு வேலையின் பாதி முடிந்துவிட்டது.

இத்துறையில் மேற்கொண்டு படிக்க விரும்பினால் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கம்பியில்லாத் தொடர்பு மையம், வெப்பமண்டல மழை நுண்ணலையை எவ்வளவு பாதிக்கிறது என்று பல ஆண்டுகளாக அளந்து ஆய்வுகளை வெளியிட்டு வந்திருக்கிறது. குளிர்நாடுகளில் உருவான வாய்ப்பாடுகள் நம் மழைக்கும் நம் மரத்துக்கும் அப்படியே பொருந்துவதில்லை என்பதால், இங்கே அளந்து பார்ப்பவர்களின் தேவை குறையப்போவதில்லை. செம்பனையின் நிழலில் வளர்ந்து, அது ஆண்டுக்கு எவ்வளவு உயரும், எப்போது மட்டை வெட்டுவார்கள், எப்போது மறுநடவு வரும் என்று சிறுவயதிலிருந்தே அறிந்த மாணவருக்கு இந்தக் கணக்கின் கடினமான பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி நான்காம் படிவப் பாடநூலில் இருக்கிறது.